‘கண்ணகி பொறுமைசாலி’ என்று எழுதுவதற்கு முன்

படிவம் ஐந்து மாணவர்களின் இலக்கியத் தாள்களைத் திருத்தியவர்களுக்கு இந்த வாக்கியம் மனப்பாடமாகவே ஆகியிருக்கும்: ‘இக்கதைமாந்தர் பொறுமைக் குணம் கொண்டவராகப் படைக்கப்பட்டுள்ளார்.’ அடுத்த பத்தியில் அவர் தியாக மனப்பான்மை கொண்டவர். அதற்கடுத்து அன்புள்ளம், பிறகு துணிவு, கடைசியில் ‘இதன்வழி நாம் பெறும் படிப்பினை’. நாவல் மாறும், நாடகம் மாறும், கதைமாந்தரின் பெயரும் மாறும். குணப்பட்டியல் மட்டும் மாறாது. பெயரை அழித்துவிட்டு வேறொரு பெயரை எழுதினாலும் கட்டுரை அப்படியே நிற்கும்.

மாணவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பட்டியலை அவர்கள் கையில் கொடுத்ததில் எனக்கும் பங்கு உண்டு. இலக்கியம் கற்பிக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகள் நானும் ஒவ்வொரு கதைமாந்தருக்கும் ஆறு குணம், குணத்துக்கு ஒரு சான்று என்று கட்டம் போட்டுக் குறிப்பு தயாரித்தேன். மாணவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். புத்தகத்தைத் திறக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு பட்டறையில் உரையாற்ற வந்தவர் பன்னிரண்டு பக்கக் குறிப்பை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, “நேரம் இல்லாதவங்க நாவலைப் படிக்க வேணாம், இது போதும்” என்றார். மண்டபம் முழுக்கக் கைத்தட்டல். நானும் தட்டினேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வீடு திரும்பும்போதுதான் உறுத்தியது. 2009-இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தோடு நிறுத்தும் அறிவிப்பு வந்தபோது தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் பிள்ளைகள் எழுத முடியாமல் போய்விடும் என்று நம் சமூகம் எவ்வளவு குரல் கொடுத்தது! 12 பாடங்கள் வரை எழுதலாம் என்று ஆன பிறகுதான் ஓய்ந்தோம். அப்படிக் காப்பாற்றிய பாடத்தைப் பள்ளி முடிந்த மாலையிலும் சனிக்கிழமை காலையிலும் நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து நடத்துகிறோம். அங்கேயும் நூலைப் படிக்க வேண்டாம் என்றால் எதைக் காப்பாற்றினோம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேர்வு நூல்கள் அவ்வப்போது மாறும். அதனால் எந்தத் தேர்வு நூலையும் எடுக்காமல் எல்லாருக்கும் தெரிந்ததாக நாம் நினைக்கும் ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். ‘கண்ணகியின் பண்புநலன்களை ஆராய்க.’ இந்தக் கேள்விக்கு எப்படி வாசிப்பது?

சிலப்பதிகாரத்தைப் பொறுத்தவரை முதல் தடையே ‘தெரிந்த கதை’ என்பதுதான். ஆரம்பப் பள்ளியிலேயே கேட்டாயிற்று. பாட்டி வீட்டில் 1964-இல் வந்த ‘பூம்புகார்’ படத்தையும் பார்த்திருப்பார்கள். விஜயகுமாரி அரசவையில் நின்று பேசும் காட்சி காதிலேயே இருக்கிறது. அதனால் மாணவர் எழுதுவது பல நேரம் இளங்கோவடிகளின் கண்ணகியாக இருப்பதில்லை, மு. கருணாநிதியின் வசனம் பேசும் கண்ணகியாக இருக்கிறது. படத்தைப் பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை, தாராளமாகப் பாருங்கள். ஆனால் கட்டுரையில் எந்தக் கண்ணகியை எழுதுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். வழக்கமான குறிப்புகளில் கண்ணகிக்கு முதல் குணம் பொறுமை. கணவன் மாதவியிடம் போனான், பொறுத்தாள். பொருளெல்லாம் தொலைத்துவிட்டு வந்தான், ஏற்றுக்கொண்டாள். மதுரைக்குப் புறப்படு என்றான், புறப்பட்டாள். ஆகவே பொறுமைசாலி. நான்கைந்து குணங்கள் தள்ளி ‘வீரம்’ என்று ஒன்று வரும். அதற்குச் சான்று அரசவையில் வாதாடியது, மதுரையை எரித்தது. இரண்டும் நூலில் இருப்பவைதான். ஆனால் ஒரே ஆள் எப்படி இரண்டாகவும் இருக்கிறாள்? அத்தனை காலம் வாய் திறக்காதவள் ஒரே நாளில் எப்படி ஒரு பாண்டியனை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாள்? குறிப்பு இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பட்டியல் போட்டால் கேட்கவும் வராது, ஏனென்றால் பட்டியலில் ஒவ்வொரு குணமும் தனித்தனிப் பெட்டியில் இருக்கிறது.

என் யோசனை இதுதான்: குணங்களைத் தேடி வாசிக்காதீர்கள். வினைகளைத் தேடி வாசியுங்கள். கதைமாந்தர் என்ன செய்தார், யாரிடம் என்ன சொன்னார், எதை மறுத்தார் என்று மட்டும் குறித்துக்கொண்டு போங்கள். குணத்தின் பெயர் கடைசியில் வரட்டும்.

அப்படி வாசித்தால் புகார்க் காண்டத்தில் கண்ணகி நேரடியாகப் பேசும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மனையறம்படுத்த காதையில் கோவலன் அவளை நீளப் புகழ்கிறான். அவள் பதில் பேசுவதாக ஒரு வரியும் இல்லை. நாம் அவள் குரலைக் கேட்க ஒன்பதாவது காதையான கனாத்திறம் உரைத்த காதை வரை காத்திருக்க வேண்டும். அங்கே தோழி தேவந்தியிடம் தான் கண்ட கனவைச் சொல்கிறாள்: ஒரு பெரிய ஊருக்குப் போனோம், அங்கே நமக்குப் பொருந்தாத ஒரு பழி வந்தது, அரசன் முன் நின்று நான் வழக்குச் சொன்னேன், அரசனுக்கும் ஊருக்கும் தீங்கு நேர்ந்தது.

இந்த இடத்தில் புத்தகத்தை ஒரு நிமிடம் கீழே வையுங்கள். மதுரைக்குப் போகும் முன்பே, வீட்டுக்குள் இருக்கும்போதே, அரசன் முன் பேசுகிறவளாகத் தன்னைக் கனவில் கண்டுவிட்டாள். கனவு என்றாலே பின்னால் நடப்பதை முன்னால் காட்டும் உத்தி என்று எழுதி நாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். உத்திதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதோடு நிறுத்தினால் யார் கண்ட கனவு என்பது விட்டுப்போகிறது. அந்தக் கனவில் வழக்குச் சொல்வது அவள்தானே?

அடுத்து வருவது அதைவிடச் சின்ன இடம். கனவைக் கேட்ட தேவந்தி ஆறுதலாக ஒரு வழி சொல்கிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய பொய்கைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு கூடி இன்பமாக வாழலாம், ஒரு நாள் போவோம் வா. கண்ணகி, அது நமக்குப் பெருமை தராது என்கிற பொருளில் மிகச் சுருக்கமாகப் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான். விளக்கம் இல்லை, கோபமும் இல்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் கோவலன் வந்து நிற்கிறான். கதை வேகம் எடுத்துவிடுகிறது, நம் கண்ணும் அவன் பின்னால் போய்விடுகிறது.

நான் பார்த்த குறிப்புகள் இந்த மறுப்பைக் ‘கற்பு’ என்ற தலைப்பின் கீழ்ப் போட்டுவிடுகின்றன. தவறில்லை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். பிரிந்த கணவன் திரும்பி வரவேண்டும் என்பதில் அவளுக்கு ஆசை இல்லையா? உண்டு. ஆனால் அதற்காகக் கெஞ்சவோ, ஒரு தெய்வத்திடம் கேட்டு வாங்கவோ அவள் தயாராக இல்லை. கிடைக்க வேண்டியது தானாகக் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற ஒருத்தியை அங்கே பார்க்கிறோம். எனக்கு இது பொறுமையாகத் தெரியவில்லை, தன்மதிப்பாகத் தெரிகிறது. பொறுமை வெளியே தெரிகிறது. அதைத் தாங்கி நிற்பது இதுதான்.

சரி, இது ஒரு இடத்தை வைத்துக் கட்டிய மாளிகையா? அதைச் சோதிக்கத்தான் மீதி நூலை வாசிக்க வேண்டும். கொலைக்களக் காதைக்குப் போங்கள். மாதரியின் இடத்தில் கண்ணகி சமைத்துப் பரிமாறுகிறாள். கோவலன் மனம் வருந்தி, நான் கூப்பிட்டதும் ஏன் எழுந்து வந்தாய் என்று கேட்கிறான். பட்டியல் கண்ணகியாக இருந்தால் ‘பரவாயில்லை’ என்றிருப்பாள். இளங்கோவின் கண்ணகி அப்படிச் சொல்லவில்லை. நீங்கள் இல்லாததால் விருந்தினரை வரவேற்கும் கடமைகள்கூட என்னால் செய்ய முடியாமல் போயின. உங்கள் பெற்றோர் வந்தபோது என் வேதனையை மறைத்துப் பொய்யாகச் சிரித்தேன், அதைக் கண்டு அவர்கள் வருந்தினார்கள். நீங்கள் செய்தது மேலோர் போற்றாத செயல். ஆனாலும் நான் மாறாதவள் என்பதால் எழுந்து வந்தேன் என்கிறாள். கணவன் முகத்துக்கு நேரே ‘நீங்கள் செய்தது தவறு’ என்று சொல்லிவிட்டாள்! குரல் உயரவில்லை, மரியாதை குறையவில்லை. ஆனால் தீர்ப்பு சொல்லப்பட்டுவிட்டது. ‘பொறுமையாக மன்னித்தாள்’ என்று எழுதும் மாணவர் இந்தப் பதிலின் பாதியைத்தான் வாசித்திருக்கிறார்.

அங்கிருந்து நேராகப் போனால் பாதை தெளிவாகத் தெரிகிறது. துன்ப மாலையில் சூரியனிடம் கேட்கிறாள், என் கணவன் கள்வனா என்று. ஊர்சூழ் வரியில் மதுரையின் தெருவில் நின்று கேட்கிறாள், இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா, சான்றோர் இருக்கிறார்களா, தெய்வம் இருக்கிறதா என்று. பிறகு அரசனிடம் போகிறாள். தோழியிடம் மறுத்தவள், கணவனிடம் சொன்னவள், கதிரவனிடமும் ஊராரிடமும் கேட்டவள்தான் இப்போது வாயிலில் நிற்கிறாள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் எதிரே இருப்பவரின் அதிகாரம் கூடுகிறது, அவள் குரலும் கூடுகிறது. கட்டுரையின் நான்கு பத்திகள் இங்கேயே கிடைத்துவிட்டன, கவனித்தீர்களா?

வழக்குரை காதையை மட்டும் தனியாக ஒரு நாள் வாசிக்கச் சொல்வேன். அழுதுகொண்டு வந்த ஒருத்தி என்ன முறையில் வாதாடுகிறாள் என்று பாருங்கள். முதலில் தன் ஊரின் நீதி மரபைச் சொல்கிறாள்: புறாவுக்காகத் தன்னைக் கொடுத்த சோழன், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன். பிறகு கோவலன் யார் என்று சொல்கிறாள். தன் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுமை ஆகாது என்று அரசன் பதில் சொன்னதும், சாபம் விடவில்லை, சான்றுக்குப் போகிறாள்: என் சிலம்பில் இருப்பது மாணிக்கம். எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைகிறது, வழக்கு முடிகிறது. ஒரு வாதம், ஒரு பொருள், ஒரு சோதனை. (சான்று கேட்காமல் ஒரு பொற்கொல்லன் சொன்னதை நம்பியவன் பாண்டியன். நூலைத் திறக்காமல் குறிப்பை நம்பி எழுதும்போது நாம் எந்தக் கட்சியில் நிற்கிறோம் என்று என் வகுப்பில் கேட்பதுண்டு. பிள்ளைகள் சிரிப்பார்கள், சில பேர் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.)

இத்தனைக்கும் பிறகு நம் முடிவுக்கு ஒத்துவராத இடம் ஒன்றையாவது வேண்டுமென்றே தேட வேண்டும். இந்தப் பழக்கம்தான் நல்ல கட்டுரையைச் சிறந்த கட்டுரை ஆக்குகிறது என்பது என் அனுபவம். கண்ணகி நீதி கேட்பவள் என்றால் ஒரு நகரத்தையே எரித்தது நீதியா? வஞ்சின மாலையைத் திரும்ப வாசியுங்கள். தீக்கடவுளிடம் அவள் சொல்வதில் விலக்கு இருக்கிறது: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள், இவர்களை விட்டுவிடு, தீயவர் பக்கம் போ. ஆத்திரத்தில் கண்மூடி எரித்தாள் என்று எழுதினால் அது பிழை. ஆனால் விலக்குப் பட்டியலில் இல்லாத சாதாரண மதுரைக்காரர் என்ன பாவம் செய்தார் என்று ஒரு மாணவர் எழுதினால் நான் மகிழ்வேன். அது நூலோடு பேசுவது. அதேபோல, மதுராபதித் தெய்வம் வந்து கோவலனின் முற்பிறப்புக் கதையைச் சொல்கிறது. பரதன் என்ற பிறவியில் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பழி சொல்லிக் கொல்லவைத்தவன், அதனால் அவன் மனைவி நீலியின் சாபம் பெற்றவன் என்று. அப்படியானால் அரசன் மேல் குற்றம் குறைகிறதா? பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளை எல்லாரும் ஒப்பிப்பார்கள். அவற்றில் ஊழ்வினையும் அரச நீதியும் ஒன்றையொன்று இடிக்கும் இந்த இடத்தை எழுதுபவர் அரிது.

இனி இதைக் கையில் எப்படிச் செய்வது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாசிப்பில் பேனாவே வேண்டாம். கடைசிப் பக்கம் வரை ஓட்டிவிடுங்கள். புரியாத சொல்லுக்கு நிற்காதீர்கள். இரண்டாவது வாசிப்பில் ஒரே ஒரு கதைமாந்தர். அவர் பேசும், மறுக்கும், முடிவெடுக்கும் இடங்களை மட்டும் பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதுங்கள். ‘மறுத்தாள், தேவந்தியிடம், கோவலன் வருவதற்குச் சற்று முன்’ என்ற அளவு போதும். ‘எதற்கு முன், எதற்குப் பின்’ என்பதை விட்டுவிடாதீர்கள். பொருள் பாதி அதில்தான் இருக்கிறது. பிறகு அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஆனால்’ என்ற சொல் வரும்படி ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘கண்ணகி பொறுமையாகத் தெரிகிறாள், ஆனால் தொடக்கத்திலிருந்தே முறை தவறியதை முறை தவறியது என்று சொல்லத் தயங்காதவள்.’ இந்த வாக்கியம் கிடைக்கும் வரை கட்டுரை எழுதத் தொடங்க வேண்டாம். மூன்றாவது வாசிப்பு முழு நூலுக்கு இல்லை. குறித்த ஐந்தாறு இடங்களுக்கு மட்டும், அதுவும் கடைசி இடத்திலிருந்து பின்னோக்கி. ‘இது ஏன் நடந்தது’ என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால் விட்டுப்போன ஒரு இடமாவது கண்ணில் படும். தேவந்திக்குச் சொன்ன பதில் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

இந்தத் தாள் ஒன்று இருந்தால் கேள்வி எப்படித் திரும்பினாலும் சமாளிக்கலாம். ‘விளக்குக’ என்றால் இடங்களை வரிசையாகச் சொல்லுங்கள். ‘ஆராய்க’ என்றால் காரணத்தையும் தொடர்பையும் சொல்லுங்கள். ‘இக்கூற்றை ஏற்கிறீரா?’ என்றால் ஒத்துவராத இடம் கைகொடுக்கும். மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்தவருக்கு இந்த வசதி கிடையாது. மேற்கோள் விஷயத்திலும் ஒரு வார்த்தை: எட்டு வரி ஒப்பித்துவிட்டு அடுத்த குணத்துக்குத் தாவுவதைவிட, இரண்டு சொல்லை எடுத்து அது ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று மூன்று வரி எழுதினால் வாசிப்பவருக்குத் தெரியும், இந்தப் பிள்ளை நூலைப் படித்திருக்கிறது என்று.

ஆசிரியர்களே, இதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குறிப்பு கொடுப்பது ஒரு மணி நேரம், இப்படி வாசிக்க வைப்பது ஒரு மாதம். என் வகுப்பிலும் எல்லாரும் செய்து முடிக்கவில்லை. நான் செய்வது, ஒரே ஒரு கதைமாந்தரை மட்டும் வகுப்பில் இப்படி முழுமையாகச் சேர்ந்து வாசிப்பது. மற்ற கதைமாந்தர்களை ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுத்துவிடுவேன். அவரவர் தயாரித்த தாளைப் புலனக் குழுவில் போடுவார்கள், மற்றவர்கள் ‘இந்த இடம் எங்கே, பக்கம் காட்டு’ என்று கேட்பார்கள். பக்கம் காட்ட முடியாத வரியை அடித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. என் பழைய குறிப்பிலிருந்த மூன்று வரிகள் அப்படி அடிபட்டன.

ஒரு சனிக்கிழமை இந்தக் காதைகளை வாசித்து முடித்து, மழைக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், அந்தத் தேவந்தி அப்புறம் என்ன ஆனா?” யாருக்கும் தெரியவில்லை. எங்கள் குறிப்பில் அவள் பெயரே கிடையாது. மதுரைக் காண்டத்தோடு மூடிவைத்த புத்தகத்தை மறுபடி திறந்து வஞ்சிக் காண்டத்தைப் புரட்டினோம். இருபத்தொன்பதாவதான வாழ்த்துக் காதையில் அகப்பட்டாள். கண்ணகி கதையைக் கேள்விப்பட்டு, புகாரிலிருந்து வஞ்சிக்கு வந்திருக்கிறாள்.